மாரி காலத்துத் தகைவிலான்கள்

யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்களிற் சோளகக் காற்றின் இரைச்சல் தணியத் தொடங்கும் நாட்களில், வாடை எழுவதற்கு முன்னரே, வீதியோரத்து மின்கம்பிகளில் ஒரு மாற்றம் நிகழ்கின்றது. நேற்று வரை காகமும் கரிக்குருவியுமே அமர்ந்திருந்த கம்பியில், இன்று காலை ஐந்தாறு சிறு பறவைகள் நிரையாக வந்து அமர்ந்திருக்கின்றன. மேலே கருநீலம்; கீழே வெண்மை; தொண்டையிற் செம்மை; வாலோ கவட்டுக் கம்புபோல் இரண்டாகப் பிளந்தது. சில நாட்களுள் ஐந்து ஐம்பதாகும். பின்னர் எண்ணி முடியாத தொகையாகும். கார்த்திகை மழையில் நனைந்து, வயல்வெளியைக் கடந்து செல்லும் கம்பிகளில் ஒன்றோடொன்று ஒட்டியவாறு அவை இருக்கும் கோலம், வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் வாழ்வோருக்குப் பழகிப்போன ஒன்று. பழகியது என்பதனாலேயே அதனை உற்று நோக்குவோர் தொகை குறைவு.

இப்பறவைக்குத் தமிழில் நல்ல பெயர்கள் உள. தகைவிலான் என்பது அவற்றுட் சிறந்தது. தகைவு என்னும் சொல்லுக்குத் தடை என்றும் இளைப்பு என்றும் பொருள் கொள்வர். விடிந்தது முதல் பொழுது சாயும் வரை வானிற் சுழன்று பூச்சி பிடித்துத் திரியும் ஒரு பறவைக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது. தலையில்லாக் குருவி என்னும் வழக்கும் உண்டு. பறக்கும்போது கழுத்தென்று ஒன்று தோன்றாமையைக் கண்டு இட்ட பெயர் போலும். விவிலிய நூலைத் தமிழில் ஆக்கியோரும் தகைவிலான் என்றே எழுதினர். சிங்கள மக்கள் இதனை வெஹிலிஹிணியா என்பர். வெஹி என்பது மழை. மழைக்காலத்தோடு வரும் பறவை என்பதை அம்மொழியாரும் கவனித்திருக்கின்றனர்.

தகைவிலான் என்று கூறி அவ்வளவில் நிறுத்திக்கொள்வதிற் குற்றமில்லை. ஆயினும் அது பாதிக் கதையே. ஒரே கம்பியில், ஒரே நிரையில், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு அமர்ந்திருக்கும் இவற்றுள் ஒன்று யப்பானில் ஒரு கடையின் இறவாணத்தின் கீழ்ப் பிறந்ததாக இருக்கலாம். மற்றொன்று மேற்கே ஐரோப்பாவையும் மத்திய ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். இன்னும் அரிதாக ஒன்று சைபீரியக் குடியிருப்பிலிருந்தோ மொங்கோலியப் புல்வெளியிலிருந்தோ வந்ததாகவும் இருக்கலாம். இவை வெவ்வேறு இனங்கள் அல்ல. ஒரே இனத்தின் உபவினங்கள். இவற்றை வேறுபிரித்து அறிதற்குரிய அடையாளங்கள் அவற்றின் உடலிலேயே உள. ஒரு தூரநோக்கிக் கண்ணாடியும் சிறிது பொறுமையும் உடையவர் அவற்றைக் காணலாம். எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வேறு விடயம். அதுவும் பின்னர் வரும்.

முதலில் தகைவிலானையே அல்லாத சிலவற்றை விலக்கிவிட வேண்டும். பனைகளைச் சுற்றிக் கீச்சிட்டவாறு சுழலும் சிறு கரும்பறவைகளைப் பலரும் தகைவிலான் என்று கருதுவர். அவை பனை உழவாரன்கள். உழவாரனின் சிறகு அரிவாள் போன்று வளைந்து விறைப்பாக இருக்கும். அதன் கால்கள் மிகக் குறுகியவை. கம்பியிலோ கிளையிலோ நிரையாக அமர்ந்திருக்க அதனால் இயலாது. ஆகவே கம்பியில் இருப்பது எதுவாயினும் அது உழவாரன் அன்று. இவ்வொரு விதியே பாதி மயக்கத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்து, ஆண்டு முழுவதும் இலங்கையிலேயே வாழும் தகைவிலான்கள் இரண்டு உள. மலைநாட்டிலே தேயிலைத் தோட்டத்து விறாந்தைகளிலும் மதகுகளின் அடியிலும் சேற்றுக் கூடு கட்டும் சிறிய தகைவிலான் ஒன்று. அதன் நெற்றியும் தொண்டையும் செம்மையாகவே இருக்கும்; ஆனால் மார்பிற் கறுத்த பட்டி இல்லை; வயிறு அழுக்கேறிய சாம்பல் நிறம்; வாலின் பிளவு ஆழமற்றது. மற்றையது இலங்கைத் தகைவிலான். இது தாழ்நிலத்திலும் மலைநாட்டிலும் காணப்படுவது. அடிப்பாகம் முழுவதும் ஆழ்ந்த செம்மை. முதுகின் பின்புறத்தில், வாலுக்கு மேலே, செந்நிறத் திட்டு ஒன்று உண்டு. அத்திட்டே அதன் முத்திரை. மாரி காலத்தில் வரும் விருந்தினருக்கு முதுகு முழுவதும் ஒரே கருநீலம், செந்திட்டு இல்லை.

இங்கே ஒரு சிறு விலகல் தேவைப்படுகின்றது. எட்வேட் பிளைத் என்பவர் 1849ஆம் ஆண்டில் விவரித்த இந்த இலங்கைத் தகைவிலான், நெடுங்காலமாக ஆசியாவெங்கும் பரந்துள்ள செம்பிட்டத் தகைவிலானின் உபவினமாகவே எண்ணப்பட்டு வந்தது. இன்று அது தனி இனம். உலகில் வேறெங்கும் இல்லாத, இந்நாட்டுக்கே உரிய பறவைகளின் வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றது. மலைநாட்டுத் தகைவிலானும் அவ்வாறே தென்கடற் தீவுகளிலும் வாழும் ஓர் இனத்தின் கிளையாக இருந்து, பின்னர் பிரிக்கப்பட்டது. பறவைகள் மாறவில்லை, மனிதரின் கணிப்பே மாறியது. உபவினம் என்பதைப் பொருட்டில்லாத நுணுக்கம் என்று ஒதுக்குவோர் இவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்பது நன்று. இன்று உபவினம் என்று புறக்கணிக்கப்படுவது நாளை ஓர் இனமாகலாம். அந்நாளில் அதனைப் பற்றிய பழைய குறிப்புகள் இல்லையேல், அது முன்னர் எங்கெங்கு எத்தனை இருந்தது என்பதை எவராலும் மீட்டுக் கூற இயலாது.

இனி மாரி காலத்து விருந்தினர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் ஹிருண்டோ ருஸ்டிக்கா என்று பெயரிட்ட இப்பறவை, உலகின் தகைவிலான்களுள் மிகப் பரந்து வாழ்வது. அயர்லாந்திலிருந்து யப்பான் வரையிலும், கடல் கடந்து வட அமெரிக்காவிலும் கூடு கட்டுகின்றது. இவ்வளவு பரந்த நிலத்தில் எல்லாப் பறவைகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருக்க முடியாது. மட்டக்களப்பார் பேசுவதும் யாழ்ப்பாணத்தார் பேசுவதும் ஒரே தமிழ்தான்; எனினும் வாயைத் திறந்ததும் ஊர் தெரிந்துவிடும். தகைவிலானின் உபவினங்களும் அத்தகையவை. பொதுவாக ஆறு உபவினங்கள் உள என்பர் அறிஞர். அவற்றுள் எகிப்து நாட்டுக்குரியதும், லெபனான் முதலிய கிழக்கு மத்தியதரைக் கரைகளுக்குரியதும், அமெரிக்காவுக்குரியதும் இங்கு நமது கருத்துக்கு வேண்டியவை அல்ல. எஞ்சிய மூன்றே ஈண்டு ஆராயத்தக்கன.

அம்மூன்றுள் இலங்கையில் மிகுதியாக வருவது கிழக்கு உபவினம். குத்துராலிஸ் என்பது அதன் நூற்பெயர். தொண்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1786இல் ஸ்கோபோலி என்னும் இயற்கை நூலார் இட்டது. கிழக்கு இமயத்திலிருந்து சீனா, கொரியா, யப்பான் வரை அதன் இனவிருத்தி நிலம். சீனத்திலும் யப்பானிலும் வீட்டு வாயிலில் அது கூடு கட்டுவதை நற்பேறாகக் கருதிக் கூட்டைக் கலைக்காது விடுவர். பெயருக்கேற்ப இதன் அடையாளம் தொண்டையிலேதான் இருக்கின்றது. தொண்டையின் செம்மை அவ்விடத்தோடு நில்லாது கீழே இறங்கி, மார்புக்குக் குறுக்காக உள்ள கருநீலப் பட்டியை நடுவில் அறுத்துவிடும். பட்டி இரு தோள்களிலிருந்தும் புறப்பட்டு வந்து, நடுவிற் சந்திக்காமலோ, அல்லது மெல்லிய நூலளவிற் சந்தித்தோ நிற்கும். வயிறு வெண்மை. உடலும் சற்றுச் சிறியது. ஆனால் சிறகிற் சில மில்லிமீற்றர் குறைவு என்பது கையிற் பிடித்து அளப்பவருக்கே பயன்படும். கம்பியிற் காண்பவருக்கு அது பயன்படாது.

இரண்டாவது மேற்கு உபவினம். இனத்தின் பெயரையே தன் பெயராகவும் கொண்ட ருஸ்டிக்கா. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் கூடு கட்டி, பெரும்பாலும் ஆபிரிக்காவுக்குச் செல்வது, ஒரு பகுதி இந்தியாவுக்கு வரும், இலங்கைக்குச் சிலவே. இதன் தொண்டைச் செம்மை தன் எல்லையை அறிந்து நிற்பது. அதன் கீழே அகன்ற கருநீலப் பட்டி ஒன்று, தோளிலிருந்து தோள் வரை, எங்கும் அறுபடாமல், கழுத்தில் அணிந்த பட்டைபோல் முழுமையாகச் செல்லும். வயிறு வெண்மை அல்லது மங்கிய பாலாடை நிறம்.

மூன்றாவது டைட்லரி. தோமஸ் ஜேர்டன் என்னும் மருத்துவர் 1864இல் இதனை விவரித்து, பறவைகளிலும் நிழற்படக் கலையிலும் ஈடுபட்டிருந்த இராணுவ அதிகாரியான டைட்லரின் பெயரை இதற்கு அளித்தார். மத்திய சைபீரியாவிலும் வட மொங்கோலியாவிலும் கூடு கட்டி, கிழக்கு வங்கம் முதல் தாய்லாந்து, மலாயா வரை மாரியைக் கழிப்பது. இலங்கையில் இதனைக் காண்பது அரிய பேறு. இதற்கு வயிறு வெண்மையன்று. மார்பிலிருந்து வாலின் அடிவரை ஒரே சீரான செங்காவி நிறம். மார்புப் பட்டி மெலிந்தது. கம்பியில் வெண்வயிற்றுப் பறவைகளின் நடுவே இது வந்து அமருமானால், வெள்ளை வேட்டி கட்டியவர் நடுவே காவியுடுத்த ஒருவர் நிற்பது போலத் தோன்றும். அமெரிக்கத் தகைவிலானுக்கும் இத்தகைய செவ்வயிறே உண்டு. இது தற்செயலான ஒற்றுமை அன்று என்பது 2006ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்றாற் புலனாயிற்று: ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற தகைவிலான்களின் வழித்தோன்றல்கள் சில, பண்டு மீண்டும் கடல் தாண்டி வந்து பைக்கால் ஏரியைச் சூழ்ந்த நிலத்திற் குடியேறின என்பதே அதன் முடிவு. சென்ற உறவினர் திரும்பி வந்த கதை.

ஏட்டிலே இவ்வாறு எழுதிவிடுதல் எளிது. கம்பியின் கீழே நின்று பார்ப்பவருக்கு வரும் இடர்களோ பல.

முதல் இடர் இளம்பறவை. அவ்வாண்டிலே பிறந்த குஞ்சுகளும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருகின்றன. அவற்றின் தொண்டை செம்மையன்று, வெளிறிய காவி, முதுகிற் பளபளப்பில்லை, வால் குட்டை, மார்புப் பட்டியோ மங்கிய கபில நிறமாய், எங்கே தொடங்கி எங்கே முடிகின்றதென்று தெரியாமல் இருக்கும். புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் வரும் கூட்டத்தில் இத்தகையவை ஏராளம். இவற்றைப் பார்த்து உபவினம் கூற முற்படுவது வீண் முயற்சி.

இரண்டாவது இடர் இறகுதிர்வு. தகைவிலான் தன் பழைய உடையைக் கழற்றிப் புத்துடை அணிவது பிறந்த நாட்டில் அன்று. மாரியைக் கழிக்க வந்த நாட்டிலேயே. இங்கிருக்கும் காலத்தில் அதன் சிறகிறகுகளும் வாலிறகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து முளைக்கின்றன. மேலைநாட்டு நூல்கள் பெரிதாகப் பாராட்டும் அந்த நீண்ட வாற்கம்பிகள், மார்கழி மாதத்தில் பாதி வளர்ந்தோ முற்றாக இன்றியோ இருக்கும். வாலின் நீளத்தைக் கொண்டு மேற்கு உபவினம், கிழக்கு உபவினம் என்று தீர்ப்புக் கூறுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். மார்பிலும் இறகு உதிர்ந்த இடத்தில் பட்டி அறுபட்டது போலத் தோன்றக்கூடும்.

மூன்றாவது, பறவை இருக்கும் நிலை. குளிரிலும் மழையிலும் தலையை உள்ளிழுத்துப் பந்துபோல் ஒடுங்கியிருக்கும் தகைவிலானின் மார்புப் பட்டியைத் தொண்டை இறகுகள் மூடிவிடும். பட்டி இல்லை என்று அவசரப்பட்டு எழுதிக்கொள்பவர், அப்பறவை சோம்பல் முறித்துக் கழுத்தை நீட்டும் வரை காத்திருந்தாரானால் வேறு விதமாக எழுதியிருப்பார். அது தன் இறகைக் கோதும்போது மறுபடியும் எல்லாம் குலைந்துபோகும். நேராக முன்னின்று, கழுத்து நீண்டிருக்கும்போது கண்டதே சாட்சி, மற்றவை ஐயம்.

நான்காவது ஒளி. மாலைவெயில் எந்த வெள்ளை வயிற்றையும் செவ்வயிறாக்கும். செம்மண் வீதிக்கு மேலேயுள்ள கம்பியில், நண்பகலிலுங்கூட, கீழிருந்து மேலெறியும் ஒளி வெண்மையைக் காவியாக்கிக் காட்டும். அரிதான டைட்லரியைக் கண்டதாகக் கூறப்படும் செய்திகளுட் சில, மாலை ஐந்து மணிக்குப் பின்னரே காணப்பட்டவை என்றால் அவற்றைப் பற்றி ஐயுறுதல் தகும். அரிதானதைக் காணும் ஆவல் உடையோரின் கண்ணுக்கு, அரிதானது அடிக்கடி தோன்றுவது இயல்பே.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய இடர் ஒன்று உண்டு. உபவினங்களுக்கிடையில் வேலியில்லை. தாயக நிலங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் இவை தம்முட் கலந்து குஞ்சு பொரிக்கின்றன. வெளிறிய காவி வயிறும் அறுந்த பட்டியும் உடைய பறவை ஒன்றைக் கண்டால், அதனைக் கிழக்குப் பறவை என்பதா, டைட்லரி என்பதா? இரண்டும் கலந்தது என்பதே பெரும்பாலும் சரியான விடை.

இக்கலப்பைப் பற்றிய ஆராய்ச்சியே மாரி காலத்துப் பறவைகளின் மீது புதிய ஒளியைப் பாய்ச்சியிருக்கின்றது. 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஆசியாவின் உள்நாட்டில் இம்மூன்று உபவினங்களும் இரண்டிரண்டாகச் சந்திக்கும் இடங்கள் ஆராயப்பட்டன. மேற்கு உபவினமும் கிழக்கு உபவினமும் திபெத்திய மேட்டு நிலத்துக்கு வடக்கே சந்திக்கின்றன. அயலிலே கூடு கட்டுகின்றன. எனினும் மிகக் குறைவாகவே கலக்கின்றன. மேற்கு உபவினத்துக்கும் டைட்லரிக்கும் இடையிலும் அவ்வாறே. ஆனால் டைட்லரியும் கிழக்கு உபவினமும் சந்திக்கும் இடத்திலோ கலப்பு மிகுதி. இவ்வேற்றுமைக்குக் காரணம் என்ன? நிறமா? குரலா? ஆய்வாளர் கண்டது, மாரியைக் கழிக்கச் செல்லும் வழி. திபெத்திய மேட்டு நிலம் பறவைகளின் பாதையில் ஒரு பெருந்தடை. மேற்கு உபவினம் அதன் மேற்குப் புறமாகச் சுற்றி ஆபிரிக்காவை நோக்கிச் செல்கின்றது; மற்றைய இரண்டும் கிழக்குப் புறமாகச் சுற்றித் தெற்கே வருகின்றன. வழி பிரியும் இடத்தில் உறவும் பிரிகின்றது; ஒரே வழியிற் செல்வோர் தம்முள் மணங்கொள்கின்றனர்.

அங்ஙனமாயின், உபவினங்களைப் பிரித்து வைத்திருப்பவை பிறந்த நிலங்கள் மட்டும் அல்ல. மாரியிலே அவை தங்கும் நிலங்களும் அவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றன. தெற்கே வயல்களின் மேல் அவை கழிக்கும் ஆறேழு மாதங்கள் அந்த வரலாற்றின் ஓர் உறுப்பு. இலங்கையிலே எந்த உபவினம், எந்த மாதத்தில், எத்தனை வருகின்றது என்னும் குறிப்பு பொழுதுபோக்குக்காக எழுதும் பட்டியல் அன்று. பெரும்பாலும் மேற்கே ஆபிரிக்காவுக்குச் செல்லும் ஒரு கூட்டத்திற் சில ஏன் கிழக்கே திரும்பி இத்தீவை அடைகின்றன என்னும் கேள்விக்கு, இங்கே கம்பியின் கீழ் நிற்பவரே சான்று தேட வேண்டும்.

நிறங்களும் பொருளற்றவை அல்ல. 1988இல் டென்மார்க் நாட்டில் நிகழ்த்திய ஒரு சோதனையில், ஆண் தகைவிலான்களின் வாலை ஒட்டி நீளமாக்கியபோது அவை மற்றவற்றினும் விரைவிற் பெட்டைகளைப் பெற்றன. அமெரிக்கத் தகைவிலானிடத்தோ மார்புச் செம்மையே பெட்டையின் கண்ணைக் கவர்வது; ஆண்களின் மார்பைச் செயற்கையாகக் கருஞ்செம்மையாக்கிய சோதனையொன்று 2005இல் இதனைக் காட்டிற்று. யப்பானிய ஆய்வுகளில் தொண்டைச் செம்மையின் பரப்பும் கருத்திற் கொள்ளப்படுகின்றது. மனிதன் உபவினத்தை அறியும்பொருட்டு நோக்கும் அதே வால், அதே வயிறு, அதே தொண்டை ஆகியவற்றையே பெட்டைத் தகைவிலானும் நோக்குகின்றது என்பது சுவையான செய்தி. அது மனிதனிலும் கூர்ந்து நோக்கும் என்பதில் ஐயமில்லை.

பறவையின் ஊரை அறிதற்கு ஐயமற்ற வழி ஒன்றே: காலில் எண் பொறித்த வளையம். டென்மார்க்கின் மோட்டென்சன் என்னும் ஆசிரியர் 1899இல் மைனாவின் உறவான ஒரு பறவைக்கு எண்ணிட்ட வளையங்களை இட்டுத் தொடங்கிய முறை அது. அதற்கு முன்னர் தகைவிலான் குளிர்காலத்தில் எங்கே போகின்றது என்பதே ஐரோப்பாவிற் பெரும் புதிராக இருந்தது. குளத்தின் அடிச்சேற்றில் உறங்கிக் கிடக்கின்றது என்று நம்பினர். 1555இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஒலாவுஸ் மக்னுஸ் பாதிரியாரின் நூலில், மீனவர் வலையோடு தகைவிலான்களை இழுத்தெடுக்கும் படமொன்று உண்டு. லின்னேயஸ் போன்ற பேரறிஞரே இதனை நம்பினார் என்றால் மற்றவரைக் கூறுவானேன்? 1911ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் ஸ்டஃபோட்சயர் பகுதியில் வளையமிட்ட ஒரு தகைவிலான், 1912 டிசெம்பரில் தென்னாபிரிக்காவின் நேட்டாலில் ஒரு பண்ணைவீட்டிற் பிடிபட்டது. சேற்றுக் கதை அத்தோடு முடிந்தது.

ஆசியாவில் இம்முயற்சி பின்னரே பெரிதாகத் தொடங்கிற்று. 1963 முதல் 1971 வரை மக்கிளூர் என்னும் அமெரிக்க அறிஞரின் தலைமையிற் பல ஆசிய நாடுகள் சேர்ந்து வளையமிட்ட பறவைகள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. பாங்கொக் நகரின் சந்தடி மிக்க வீதிகளின் கம்பிகளில் இரவைக் கழிக்கும் தகைவிலான்கள் அவற்றுட் பெரும் பங்கு பெற்றன. இலங்கையிலும் களப் பறவையியற் குழுவினர் புந்தலப் பகுதியில் வளையமிடும் பணியைச் செய்து வந்திருக்கின்றனர். ஆனால் இருபது கிராம் அளவே எடையுள்ள ஒரு பறவையின் காலிலுள்ள வளையத்தை மீண்டும் ஒருவர் காண்பது நூற்றில் ஒன்றுகூட அன்று. ஆகவேதான் கண்ணாற் கண்டு உபவினம் அறியும் கலைக்கு இன்னும் இடமிருக்கின்றது. வளையம் ஒரு பறவையின் ஊரைச் சொல்லும். மார்புப் பட்டி ஒரு கூட்டத்தின் திசையைச் சொல்லும்.

இதனைச் செய்ய விரும்புவோருக்குச் சில நடைமுறைகள். நல்ல நேரம் காலை. ஞாயிறு பார்ப்பவரின் முதுகுப்புறம் இருக்க வேண்டும். தூறல் விட்டிருக்கும் காலை இன்னும் சிறந்தது. பூச்சிகள் தாழப் பறக்கும், தகைவிலான்களும் தாழ்ந்த கம்பிகளுக்கு இறங்கும், இறகு உலர்த்துவதற்காக நெடுநேரம் அசையாதிருக்கும். நிரையின் ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லல் வேண்டும். நடுவில் அழகான ஒன்றைக் கண்டு அதற்குத் தாவினால் கணக்குப் போய்விடும். முதலில் இளையதா முதியதா என்பதைக் குறிக்க வேண்டும். இளையது என்றால் அதனோடு விட்டுவிடலாம். முதியது என்றால் பட்டி முழுமையா, அறுந்ததா, காணக் கூடவில்லையா என்று மூன்று நிரலில் எழுத வேண்டும். வயிற்றின் நிறத்தை எழுதும்போது, வெண்மை என்று எவரும் ஐயமின்றி ஒப்பும் அயற்பறவை ஒன்றோடு ஒப்பிட்டே எழுத வேண்டும். தனியே பார்த்த நிறத்திற்கு மதிப்பில்லை. உபவினத்தின் பெயரை அவ்விடத்தில் எழுதாமல், கண்டதை மட்டும் எழுதி வைத்து, வீட்டிற்கு வந்து ஆறுதலாகத் தீர்மானிப்பதே நேர்மையான முறை. நூறு பறவைகளுள் நாற்பதை மட்டுமே துணிந்து கூற முடிந்தது என்றால், எஞ்சிய அறுபதையும் தகைவிலான் என்றே எழுதிவிடலாம். அதில் இழிவில்லை. ஐயமானதைத் துணிபாக எழுதிய ஒரு குறிப்பு, பின்வருவோர் அனைவரையும் வழிதவறச் செய்யும். ஒருமுறை அச்சேறிய அரிய பறவையைப் பட்டியலிலிருந்து நீக்குவது மிகக் கடினம்.

நூற்றுணையும் வேண்டும். லெக் துரை 1880இல் முடித்த பெருநூலிலும், ஜோர்ஜ் ஹென்றி 1955இல் வெளியிட்ட கையேட்டிலும் இலங்கைத் தகைவிலான்களைப் பற்றிய விரிவான குறிப்புகள் உள. பெயர்களும் பகுப்புகளும் இன்று மாறியிருப்பினும், பறவையின் நடத்தையை அவர்கள் கண்டு எழுதிய விதம் இன்றும் பயன்தருவது.

பிந்திய மாசியும் பங்குனியுமே இவ்வாராய்ச்சிக்கு மிகச் சிறந்த மாதங்கள். அப்போது புத்திறகு முளைத்து முடிந்திருக்கும். முந்திய ஆண்டுக் குஞ்சுகளும் முதியவற்றின் உடையை அணிந்துவிடும். ஐப்பசியில் மங்கிக் கிடந்த பட்டி இப்போது மை பூசியதுபோல் எடுப்பாகத் தெரியும். வாற்கம்பிகளும் வளர்ந்து நீண்டிருக்கும். கம்பிகளிலே சலசலவென்று ஒரு மெல்லிய பாட்டும் கேட்கும். வடக்கே பனி உருகும் காலம் நெருங்குகின்றது. சித்திரைப் புத்தாண்டு கழிவதற்குள் நிரைகள் மெலியத் தொடங்கும். வைகாசி பிறந்த பின் ஒருநாட் காலையிற் பார்த்தால் மின்கம்பியில் மறுபடியும் காகமும் கரிக்குருவியுமே இருக்கும். எந்தக் கூட்டம் முதலிற் புறப்பட்டது, அறுந்த பட்டியுடையதா முழுப் பட்டியுடையதா என்பதை, அந்தச் சில வாரங்களில் நாள்தோறும் ஒரே கம்பியைப் பார்த்து எழுதியவர் மட்டுமே கூற முடியும்.